டோக்கியோவுக்கு ஃபிலிம் கேமராவோடும் நாலரை வயதுப் பையனோடும்: போகும் முன் செய்ய வேண்டியவை

முந்தைய பயணம் ஒன்றில் ஆறு ரோல் ஃபிலிமை இழந்தேன். விமானம் மாறும் இடத்தில் ஒரு கையில் தூங்கும் பிள்ளை, மறு கையில் மடித்த ஸ்ட்ரோலர். தோளில் இருந்த பையை எடுத்து டிரேயில் வைத்தவர் ஓர் ஊழியர். அது புது வகை ஸ்கேனர் என்பதை நான் கவனித்தபோது பை அந்தப் பக்கம் வந்துவிட்டது. ஊருக்கு வந்து கழுவக் கொடுத்தேன். எல்லா நெகட்டிவிலும் அலை அலையாகச் சாம்பல் படலம். மகன் முதன்முதலில் கடலில் கால் வைத்த படம் அதில்தான் இருந்தது.

அடுத்து டோக்கியோ போனபோது ஒரே முடிவோடு போனேன்: ஃபிலிமை இங்கிருந்து கொண்டு போவதில்லை, கழுவாமல் திரும்பக் கொண்டு வருவதுமில்லை. அங்கேயே வாங்கி, எடுத்து, கழுவி, நெகட்டிவாகக் கொண்டு வருவது. பையனுக்கு அப்போது நாலரை வயது. கணவருக்கு விடுப்பு கிடைக்காததால் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். தங்கியது எட்டு இரவுகள், நவம்பர் மாதம். அலைந்து திரிந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. பிள்ளையின் பாஸ்போர்ட்: இன்ஷியலை முதலில் சரிபாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு முதல் தடங்கல் இங்கேதான் வரும். பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இன்ஷியலோடு இருக்கும், அல்லது வெறும் பெயர் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் இன்ஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். பெரும்பாலும் அப்பா பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், மகனுடையதில் அவன் அப்பா பெயர். வெளிநாட்டு அதிகாரி பார்த்தால் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அதனால் பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதி பயணம் முழுக்கக் கையில் இருக்கட்டும். விமான டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே போடுங்கள்.

சிறுவர் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். கட்டணம் 1,000 ரூபாய். எட்டு வயதுக்குள் புதிதாக எடுத்தால் அதில் பத்து சதவீதம் தள்ளுபடி. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட இணைப்பு டி (Annexure D) என்ற உறுதிமொழிப் படிவத்தை மறக்காதீர்கள். அதில் ஒரு கையெழுத்து விடுபட்டு, வாங்கிய அப்பாயின்ட்மென்ட் வீணாகித் திரும்பியவர்களை வரிசையில் நின்றபோதே பார்த்தேன்.

2. விசா: மூன்று மாதக் கணக்கும் ஒப்புதல் கடிதமும்

இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்கு ஜப்பான் 2024 ஏப்ரல் முதல் சுற்றுலாவுக்கு மின்விசா தருகிறது. விண்ணப்பத்தை, விசா விண்ணப்பங்களை வாங்கும் விஎஃப்எஸ் மையம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பிள்ளைக்குத் தனி விண்ணப்பம், தனிப் புகைப்படம்.

நான் வைத்தவை: நாள்வாரியான பயணத் திட்டம், விமான முன்பதிவு, ஹோட்டல் முன்பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், எதற்காகப் போகிறோம் என்று ஒரு பக்கக் கடிதம். பிள்ளையோடு ஒரு பெற்றோர் மட்டும் போவதால், கணவர் எழுதிய ஒப்புதல் கடிதத்தை முத்திரைத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு வைத்தேன். அவருடைய பாஸ்போர்ட் நகலையும் சேர்த்தேன். இந்தக் கடிதத்தில் இரண்டு அசல் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று விண்ணப்பத்தோடு போகும், இன்னொன்று குடியேற்றக் கவுண்டரில் யாராவது கேட்டால் காட்ட.

பயணத் திட்டத்தில் மிகைப்படுத்தாதீர்கள். தினம் ஒரு பகுதி, எந்த ஹோட்டல், அவ்வளவு எழுதினால் போதும்.

இங்கே இரண்டு இடத்தில் ஏமாறலாம். ஒன்று, ஒருமுறை நுழையும் விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஆர்வத்தில் ஐந்து மாதம் முன்பே போட்டால் வீண். நான் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பு கொடுத்தேன், அது சரியாக இருந்தது. இரண்டு, மின்விசாவை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு ஃபோனில் திறந்துதான் காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சடித்த தாள் எதுவும் செல்லாது. ஊரில் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இறங்கியவுடன் வேலை செய்யும் இசிம் அல்லது ரோமிங் இருக்க வேண்டும். ஃபோனில் சார்ஜும் இருக்க வேண்டும், ஏனென்றால் விமானத்தில் பிள்ளை கார்ட்டூன் பார்த்துத் தீர்த்திருப்பான்.

அப்புறம், விசிட் ஜப்பான் வெப் என்ற அரசுத் தளத்தில் இருவரின் குடியேற்ற, சுங்க விவரங்களையும் வீட்டிலேயே பதிந்து கியூஆர் குறியீட்டை எடுத்து வையுங்கள். தூங்கி விழும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நரிட்டா விமான நிலையத்தில் படிவம் நிரப்புவதைத் தவிர்க்கலாம்.

3. மருந்துப் பை

சளிக்கு நாம் சாதாரணமாகக் கொடுக்கும் சிரப்புகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் இருக்கும், சிலவற்றில் கோடீன் இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டு போகக் கூடாது. குழந்தை மருத்துவரிடம் சொல்லி இவை இல்லாத மருந்தாக எழுதி வாங்கினேன். பாட்டிலை மாற்றாமல், லேபிளோடு, மருந்துச் சீட்டோடு கொண்டு போங்கள். பயணக் காப்பீடு இருவருக்கும் எடுத்துவிடுங்கள்.

4. கேமரா: ஒரு கையால் இயங்கினால்தான் எடுத்துப் போங்கள்

வீட்டில் நல்ல எஸ்எல்ஆர் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒலிம்பஸ் டிரிப் 35 என்ற சிறிய ஃபிலிம் கேமராவை எடுத்துப் போனேன். அதற்கு பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் மீட்டரே வெளிச்சத்தை அளந்துகொள்ளும். ஃபோகஸுக்கு நான்கு சிறு படங்கள் இருக்கும்: ஒரு தலை, இரண்டு பேர், மூன்று பேர், மலை. பிள்ளை பக்கத்தில் நின்றால் முதல் குறி, நாலு எட்டு ஓடிவிட்டால் மூன்றாவது. ஒரு கை அவன் கையைப் பிடித்திருக்கும்போது மறு கையால் இவ்வளவுதான் செய்ய முடியும்.

வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டருக்குள் சின்னச் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது. மகனுக்கு அது பெரிய விஷயமாகிவிட்டது. சாயங்காலமானால் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்து, பட்டனை அழுத்திப் பார்த்து, "அம்மா, செவப்புக் கொடி வந்துருச்சு, வீட்டுக்குப் போலாம்" என்பான். டோக்கியோவில் நவம்பரில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாங்கள் அறைக்குத் திரும்பும் நேரத்தை அந்தக் கொடிதான் முடிவு செய்தது.

ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை எவ்வளவு உணரும் என்று சொல்லும் எண். இந்தக் கேமராவில் அது 400க்கு மேல் போக முடியாது. ஆனால் பகலில் நகரத்துக்கு 400 தாராளம். உங்களிடம் வேறு கேமரா இருந்தாலும் எல்லா ரோலும் 400 ஆகவே வாங்குங்கள். பிள்ளையை வைத்துக்கொண்டு வெயிலுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

பிள்ளைக்கென்று தனியாக ஒரு கேமரா வேண்டும். இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். ஃபூஜிஃபில்மின் உட்சுருன்தெசு என்ற டிஸ்போசபிள் கேமரா 1986லிருந்து அங்கே விற்பனையில் இருக்கிறது. 27 படங்கள், ஐஎஸ்ஓ 400 ஃபிலிம், ஃபிளாஷ் உண்டு. ஒரு மீட்டருக்குக் கிட்டே போனால் மங்கும், அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும். அவன் எடுத்த 27இல் பாதி என் முழங்கால். மீதியில் தபால் பெட்டி, ரயில் சக்கரம், ஒரு கிழவரின் நாய் என்று எனக்குத் தென்படாத உயரத்திலிருந்து ஒரு டோக்கியோ இருக்கிறது.

விலையுயர்ந்த கேமரா கொண்டு போகிறவர்கள் கிளம்பும்போதே இந்திய சுங்கக் கவுண்டரில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதா என்ற கேள்வி வராது. அதற்குக் கூடுதலாக அரைமணி நேரம் ஒதுக்குங்கள்.

5. எக்ஸ்ரே

பழைய வகை எக்ஸ்ரே இயந்திரத்தில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் ஓரிரு முறை போனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் பாதிப்பு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போகும். இப்போது பல விமான நிலையங்களில் கைப்பைக்கே, பையைப் பல கோணங்களில் படமெடுக்கும் சி.டி. ஸ்கேனர் வந்துவிட்டது. கழுவாத ஃபிலிமை அதில் விடாதீர்கள் என்று கோடாக் எச்சரித்திருக்கிறது. லக்கேஜில் போடும் பெட்டிக்கு இன்னும் பலமான கதிர், அதில் ஃபிலிமை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஈயப் பைகளை நம்பாதீர்கள். திரையில் கறுப்பாகத் தெரிந்தால் பையைத் திறந்து மறுபடியும் ஸ்கேன் செய்வார்கள்.

நான் போனபோது சென்னையிலிருந்து விமானம் மாறித்தான் போக வேண்டியிருந்தது. இடையில் மாறும் இடத்திலும் சோதனை உண்டு. போக வர என்று கூட்டினால் நான்கு முறை. பிள்ளையோடு நான்கு இடத்திலும் நின்று கையால் சோதிக்கச் சொல்லி வாதாட முடியாது. அதனால்தான் வெறுங்கேமராவோடு போய் அங்கே வாங்குங்கள் என்கிறேன்.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், டப்பாக்களிலிருந்து பிரித்து, கண்ணுக்குத் தெரியும் ஜிப் உறையில் போட்டு, பையின் மேலாகவே வையுங்கள். ஜப்பானில் "ஹாண்டோ செக்கு ஓனெகாய்ஷிமாஸ்" (கையால் சோதியுங்கள்) என்று சொல்லி உறையை நீட்டினால் புரிந்துகொள்வார்கள். ஸ்ட்ரோலரை மடிப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். எனக்கு நேர்ந்த இழப்பு அந்த வரிசை மாறியதால் வந்தது.

6. ஃபிலிம் வாங்குவது, கணக்குப் போடுவது

ஷின்ஜுகு பகுதியில் யோதோபாஷி கேமரா, கிதாமுரா கேமரா என்ற கடைகள் இரண்டும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளன. ஆனால் ஷின்ஜுகு நிலையத்தில் இருநூறுக்கு மேல் வாசல்கள், எல்லாவற்றிலும் லிஃப்ட் இல்லை. பிள்ளையோடு போனால் அகிஹாபாரா யோதோபாஷிதான் நல்லது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, உள்ளே பெரிய பொம்மைத் தளமும் இருக்கிறது. முதலில் ஃபிலிமை வாங்குங்கள், அப்புறம் பொம்மைத் தளம். மாற்றிச் செய்தால் ஃபிலிம் பகுதிக்கு வந்து சேர மாட்டீர்கள்.

சில கடைகளில் ஆளுக்கு இத்தனை ரோல்தான் என்று அலமாரியில் சீட்டு ஒட்டியிருக்கும். அதனால் கடைசி நாளுக்கு விடாமல் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

எத்தனை ரோல்? நாளுக்கு ஒன்று எடுக்கலாம் என்று தோன்றும். பிள்ளையோடு அவ்வளவு முடியாது, முடிந்தாலும் வேண்டாம். எட்டு நாளில் நான் ஐந்து ரோல் எடுத்தேன். ஒரு ரோல் சுமார் 1,800 யென் வீதம் 9,000. மகனின் டிஸ்போசபிள் 2,500. ஆறையும் கழுவி ஸ்கேன் செய்ய, ரோலுக்குச் சுமார் 2,000 வீதம் 12,000. மொத்தம் 23,500 யென். அப்போதைய மதிப்பில் பதிமூன்றாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். விலை ஏறிக்கொண்டே போகிறது, இன்னும் இருபது சதவீதம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

7. எங்கே போவது: ஒரு நாளைக்கு ஒரு பகுதி

தங்குவதற்கு உவேனோ அல்லது நிப்போரி பக்கம் பாருங்கள். நரிட்டாவிலிருந்து ஸ்கைலைனர் ரயில் நாற்பது நிமிடத்துக்குள் நிப்போரிக்கு வந்துவிடும், மாற வேண்டியதில்லை. பள்ளி சேராத பிள்ளைக்குப் பெற்றோரின் கட்டிலில் படுத்தால் கட்டணம் கிடையாது என்று பல ஹோட்டல்களில் விதி உண்டு. முன்பதிவு செய்யும்போதே பிள்ளையின் வயதைக் குறிப்பிட்டுவிடுங்கள்.

நேர வித்தியாசம் மூன்றரை மணி. நம் பிள்ளை ஊரில் ஆறு மணிக்கு எழுந்தால் அங்கே ஒன்பதரை. அதை மாற்றப் போராடாதீர்கள். காலை எட்டு மணி நெரிசல் ரயிலையும் தானாகத் தவிர்த்துவிடலாம். ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் வரை, டிக்கெட் எடுத்த ஒரு பெரியவரோடு ரயிலில் இலவசம். உங்களுக்கு வெல்கம் சுயிகா என்ற ரயில் கட்டண அட்டை ஒன்று போதும். அது 28 நாள் செல்லும், மீதிப் பணம் திரும்ப வராது, அதனால் 2,000, 3,000 யென்னாகப் போடுங்கள்.

எங்களுக்கு அதிகம் கொடுத்த இடம் டோக்கியோ சகுரா டிராம். மினோவபாஷியிலிருந்து வசெதா வரை 12 கிலோமீட்டர், முப்பது நிறுத்தங்கள், ஒரே ஒரு பெட்டி. முழுநாள் டிக்கெட் 400 யென். வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசிக்கொண்டு போகிறது. பிள்ளை ஓட்டுநர் பின்னால் நின்றால் தண்டவாளம் முழுக்கத் தெரியும். தோன்றிய இடத்தில் இறங்கி, நாலு படம் எடுத்து, அடுத்த வண்டியில் ஏறலாம். அரகவா ஷாகோமாயே நிறுத்தத்தில் பழைய டிராம்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் திறந்திருக்கும்.

மினோவபாஷி நடைமேடையில்தான் அந்த விபத்தும் நடந்தது. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தேன். மகன் என் கேமராவின் பின்கதவுக் கொக்கியை இழுத்துவிட்டான். நல்ல பகல் வெளிச்சம். நான் உடனே மூடினேன், இரண்டு விநாடிகூட இருக்காது. அவன் முகம் வெளுத்துவிட்டது. இப்படி ஆனால் ஃபிலிமைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். வெளியே சுற்றியிருக்கும் சில படங்கள்தான் எரிந்து போகும், ஃபிலிம் உருளைக்குள் இருக்கும் மிச்சம் பத்திரம். மூடி, இரண்டு முறை வெறுமனே தள்ளிவிட்டுத் தொடருங்கள். எங்களுக்கு ஏழு படம் போயிற்று. எட்டாவதில் ஓரம் முழுக்க ஆரஞ்சு நிறம் படர்ந்து அவன் நிற்கிறான். அன்று மாலையே காகிதநாடா வாங்கிக் கொக்கியின் மேல் ஒட்டினேன். நீங்கள் முதல் நாளே ஒட்டுங்கள்.

நிப்போரி நிலையத்துக்குப் பக்கத்தில் ஷிமோகோயின்தென் பாலம் இருக்கிறது. கீழே ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் உட்படப் பல வகை ரயில்கள் ஓயாமல் போகும். அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பிள்ளையைப் பத்து நிமிடத்தில் கிளப்ப முடியாது. அங்கிருந்து யானகா கின்சா தெருவுக்கு நடந்தால் யூயாகே தந்தான் படிக்கட்டு வரும். ஸ்ட்ரோலரைத் தூக்கித்தான் இறங்க வேண்டும். உவேனோ மிருகக்காட்சி சாலை பெரியவருக்கு 600 யென், சிறுவருக்கு இலவசம், திங்கள் விடுமுறை.

அடுத்தவர் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், அழகாக இருந்தாலும். கடைக்குள் "ஷாஷின் ஓகே தெஸ் கா" (படம் எடுக்கலாமா) என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

சாப்பாடு: கன்வீனியன்ஸ் கடைகளில் சூடாக்கித் தரும் வெள்ளைச் சோறு கிடைக்கும், இனிப்பில்லாத தயிரும் கிடைக்கும். கொஞ்சம் உப்பைப் போட்டுப் பிசைந்தால் தயிர்சாதம் தயார். எட்டு நாளில் ஆறு இரவு அவனுக்கு அதுதான். சைவம் மட்டும் என்றால் சூப்பு, குழம்பு எல்லாவற்றிலும் மீன் சாறு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

8. கழுவக் கொடுப்பது: கடைசி நாளுக்கு முன் இரண்டு நாள்

சாதாரணக் கலர் நெகட்டிவ், அதாவது சி-41 முறையில் கழுவுவது, பெரிய கடைகளில் கூட்டத்தைப் பொறுத்து சில மணி நேரத்திலிருந்து மறுநாளுக்குள் கிடைக்கும். கறுப்பு வெள்ளையும் ஸ்லைடும் வெளியே அனுப்பிக் கழுவுவதால் ஒரு வாரத்துக்கு மேல் ஆகலாம். அதனால் இந்தப் பயணத்துக்குக் கலர் நெகட்டிவ் மட்டும்.

கவுண்டரில் "கென்ஸோ" என்றால் கழுவுவது, "டேட்டா" என்றால் ஸ்கேன். இரண்டையும் சொல்லுங்கள். நெகட்டிவைத் திரும்பத் தருவீர்களா என்பதையும் கேளுங்கள், ஃபோனில் மொழிபெயர்த்துக் காட்டினால் போதும். டிஸ்போசபிளுக்கு இதைக் கூடுதலாக வலியுறுத்துங்கள். ஸ்கேன் பெரும்பாலும் சிறிய அளவில்தான் வரும், பெரிய அளவு வேண்டுமென்றால் முன்பே சொல்ல வேண்டும். இணைப்பாக அனுப்பினால் குறிப்பிட்ட நாளுக்குப் பின் அழிந்துவிடும், அன்றிரவே இறக்கிக்கொள்ளுங்கள். ஃபோன் நம்பர் கேட்டால் ஹோட்டல் நம்பரைக் கொடுக்கலாம்.

நான் நான்கு ரோலை நான்காம் நாளும், மீதியைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும் கொடுத்தேன். இப்படிப் பிரித்தால் கேமராவில் ஏதாவது கோளாறு இருந்தாலும் பாதியிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஆசை வந்தாலும் புது ரோல் போடாதீர்கள். உள்ளே பாதி ஃபிலிமோடு இருக்கும் கேமராவும் ஸ்கேனருக்குள்தான் போகும், அதைத் திறந்தும் காட்ட முடியாது.

கழுவிய நெகட்டிவுக்கு எந்த ஸ்கேனராலும் பயமில்லை. மடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு உறைகளையும் மகனின் டிராயிங் நோட்டுக்குள் வைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, அவன் பையிலேயே வைத்தேன். நரிட்டா சோதனையில் அந்தப் பையை டிரேயில் அவனே தூக்கி வைத்தான்.